இடைக்கால மக்காச்சோளம்

களை என்ற சொல்லைக் கேட்டாலே அகழாய்வு இயக்குநருக்குக் கொட்டாவி வந்துவிடும். வாயைக் கையால் மூடிக்கொள்கிற நாகரிகம் அவரிடம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. அவர் தோண்டிய மேட்டில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாளிகை இருந்தது. மாளிகைக்குக் கீழே சரிவில் குடியானவர்களின் வீடுகள் இருந்தன. மாளிகையின் சுவர், மாளிகையின் வாசல், வாசலில் கிடந்த ஒரு செப்பு மோதிரம் என்று ஆரம்பித்தாரானால் அவரை நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். அந்த மோதிரத்தைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசி, கேட்க வந்தவர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு ஓட்டியவர் அவர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரைப் பேரரசர் என்றார்கள். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

விதையம்மாவுக்கு வேலையே களைதான். விதையம்மா என்ற பட்டப்பெயர் அவளுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. தோண்டியெடுத்த மண் மூட்டை மூட்டையாக அவளிடம் வரும். பெரிய பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, மண்ணைக் கொட்டிக் கையால் அளைவாள். சேறு அடியில் தங்கும், கருகின விதைகள் மேலே மிதக்கும். அவற்றைச் சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தி, தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழே மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கருகாத விதை மண்ணில் மக்கிவிடும். கருகினது மட்டும்தான் நூற்றாண்டுகளைத் தாண்டி வரும். அதாவது, என்றோ ஒரு நாள் யாரோ அடுப்பைக் கவனிக்காமல் வம்பளக்கப் போனதால்தான் இன்றைக்கு நமக்குச் சான்று கிடைக்கிறது. பொறுப்பாகச் சமைத்தவர்களைப் பற்றி அறிவியலுக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தக் கரித்தூளிலிருந்து விதையம்மா ஒரு நிலத்தின் கதையைக் கண்டுபிடித்திருந்தாள். மாளிகையின் சமையற்கட்டு மண்ணில் கிடைத்தது கொழுத்த கோதுமை, தூசு தும்பு இல்லாமல், பொறுக்கி எடுத்தாற்போல. சரிவு வீடுகளின் அடுப்புகளில் கிடைத்ததோ சூம்பிப்போன வாற்கோதுமையும் அதோடு கலந்த களை விதையும். களை தவறிப்போய்ச் சேரவில்லை. வயிறு நிரம்ப வேண்டுமே என்று சேர்த்தே அரைத்துத் தின்றிருக்கிறார்கள். காலம் போகப் போகக் களையும் மாறியது. முதலில் நல்ல நிலத்துக் களை. அப்புறம் சத்துக் கெட்ட மண்ணில் மட்டும் தலைதூக்கும் களை. அப்புறம் கோரை, அதாவது மேட்டு நிலம் ஓய்ந்துபோய்ச் சதுப்பில் இறங்கி உழுதிருக்கிறார்கள். கடைசி அடுக்கில் தானியமே கிடையாது, ஆடு மேயும் புல்லின் விதைதான். ஊரைக் காலி செய்துவிட்டு மாளிகைக்காரர்கள் ஆடு விட்டிருக்கிறார்கள். நடந்ததை எழுதிவைக்க அந்த வீடுகளில் எவருக்கும் எழுத்துத் தெரியாது. விதையம்மாவுக்கு அவர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. சரிவின் கோடியிலிருந்த அடுப்பை, யார் சிரித்தாலும் சரி என்று, நம்ம வீடு என்றே சொல்லுவாள்.

அகழாய்வு முடியும் கட்டத்தில் இருந்தது. இறுதி அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும், அதற்கப்புறம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அறிக்கையில் அவளுடைய அத்தியாயம் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த வீடுகளில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். பேரரசர் அந்த அத்தியாயத்தைக் கிள்ளுக்கீரையாக நினைத்துப் பின்னிணைப்பில் தள்ளியிருந்தார், பொடி எழுத்தில்.

"சார், இது பின்னிணைப்புல போடற விஷயமில்ல. அந்த நிலத்தோட கதையே இதுலதான் இருக்கு" என்று அவர் அறைக்கே போய் நின்றாள்.

"இருக்கும்மா, யாரு இல்லன்னா? ஆனா படிக்கறவன் களையைப் பத்திப் படிப்பானா? மோதிரம்னா படிப்பான்."

"மோதிரம் போட்டவன் சாப்பிட்டதே அந்தக் களைக்காரன் விதைச்சதத்தான் சார்."

"நல்லா பேசறீங்க. பின்னிணைப்பு முன்னுரையில இதையும் சேத்துக்கோங்க" என்று அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் விதையம்மா காய்ச்சலில் படுத்தாள். அவள் இல்லாத அந்த இரண்டொரு நாளில்தான் உலக சரித்திரம் மாறியது.

நகரத் தலைவர் மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாரம்பரியப் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் தயார், வாசலில் வைக்கத்தான் ஒன்றும் அமையவில்லை. மோதிரத்தைச் சிலையாகச் செய்து பார்த்தார்கள். லாரி டயரை நட்டு வைத்தாற்போல இருந்தது. வேறு ஏதாவது காட்டுங்கள் என்று தலைவர் வந்து நிற்க, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத பேரரசர் அவரை விதைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே காய்ந்துகொண்டிருந்த, மாளிகைத் தானியக் குழியின் தட்டு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்துத் தானும் குனிந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதற்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே எல்லாம் கரி. கோதுமைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் நகர்த்திக்கொண்டே போனவருக்கு, தட்டின் ஓரத்தில் ஒன்று பளிச்சென்று பட்டது. பாதி உடைந்த மக்காச்சோள மணி. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த தானியம் அது ஒன்றுதான். திரையரங்கில் இடைவேளைதோறும் கைநிறைய அள்ளித் தின்று பழகியவர்.

மக்காச்சோளம் வேறு கண்டத்துப் பயிர். கடல் தாண்டிக் கப்பலேறி அது இந்தப் பக்கம் வந்தது, அந்த மாளிகை இடிந்து மண்மேடாகி வெகு காலம் கழித்துத்தான். அது மாளிகைக் குழியில் கிடைக்கிறது என்றால் இரண்டில் ஒன்றுதான் உண்மை. ஒன்று உலகம் எழுதிவைத்த சரித்திரம் தப்பு, இல்லை இங்கே யாரோ செய்தது தப்பு. பேரரசர் ஒரு நொடிகூடத் தயங்காமல் உலக சரித்திரத்தைக் கைகழுவினார்.

மறுநாள் பத்திரிகைகளில் அவர் படம், உள்ளங்கையில் கரிப்பொட்டு. அதற்கும் மறுநாள் தொலைக்காட்சி. கடல் கடந்த மாலுமிகளுக்கெல்லாம் முன்பே நம் மேட்டில் மக்காச்சோள வயல்கள் அசைந்தாடின என்று அவர் சொல்லச் சொல்ல, நகரத் தலைவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பூங்கா வாசலுக்கு ஆளுயரத்தைப்போல மூன்று மடங்கு கான்கிரீட் கதிர் ஒன்றுக்கு உத்தரவு போய்விட்டது.

காய்ச்சல் முழுசாக விடாமலே விதையம்மா ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தாள். மணியைப் பார்த்தாள். மக்காச்சோளம்தான், சந்தேகமில்லை. நேராகப் பேரரசரின் அறைக்குப் போனாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், போன மாசம் நகரத் தலைவருக்கு விருந்துன்னு குழிக்கரையிலயே கரி மூட்டி, கதிர் கதிரா சுட்டுத் தின்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"விருந்து வேற, ஆராய்ச்சி வேறம்மா. அந்தக் குழி அந்தக் காலத்துலயே மூடின குழி. மேல களிமண் பூசியிருந்துது. நான் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தீங்க, வாயால தின்னீங்க. கையால துடைச்சுப் போட்டது எங்க விழுந்துதுன்னு பாத்தீங்களா?"

பேரரசர் புன்னகைத்தார். புகழ் வந்த புதிதில் மனிதர்களுக்கு ஒரு பெருந்தன்மை வரும் அல்லவா, அந்தப் புன்னகை. "பொறாமைப்படாதீங்க. உங்க தட்டுலேர்ந்துதானே கெடைச்சுது? உங்க பேரையும் சேத்துக்கலாம்."

"அப்ப கார்பன் டேட்டிங்குக்கு அனுப்புங்க. எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சுடும்."

"அனுப்பினா அதை எரிச்சுச் சாம்பலாக்கிடுவாங்க. இருக்கறது ஒரே ஒரு மணி. தேசத்தோட சொத்து." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. உங்க களை அத்தியாயத்தை முன்னாடி கொண்டுவந்துடறேன். பெரிய எழுத்துலயே போடலாம். அதுல மக்காச்சோளத்துக்கு மட்டும் நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"செத்தாலும் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னதில் அவளுக்கு ஏகப்பட்ட திருப்தி.

அடுத்த சில நாட்கள் விதையம்மாவின் வாழ்க்கையிலேயே இனிமையான நாட்கள். எதிராளி இவ்வளவு வசதியாக மாட்டிக்கொள்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்? தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் பேரரசரை வெளுத்து வாங்கினாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில், உள்ளங்கையை விரித்துக் கண்ணைச் செருகிக்கொண்டு, அசைந்தாடும் வயல்களை அவர் வர்ணிப்பதுபோலவே செய்து காட்டினாள். பல் டாக்டரான அவள் கணவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் அதைத் தினமும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதிகம் சிரிக்காத மாமியார்கூட, "அந்த மனுஷனுக்கு ஒரு கதிர் பார்சல் அனுப்பும்மா" என்றாள்.

அறிக்கையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வர இருந்தது. குழுத் தலைவி கறாரான பெண்மணி. புகழ்ச்சியாக ஒரு சொல் வந்தால்கூட சந்தேகப்பட்டுத் திருப்பிப் பார்ப்பவள். விதையம்மா அவளுக்கு போன் செய்து, அந்த மணி விருந்துக் கரியில் சுட்டதுதான் என்று கூட்டத்தில் நிரூபித்துக் காட்டுவதாகச் சொன்னாள். நிரூபிக்க வழியும் வைத்திருந்தாள். கரிமேல் வாட்டின கதிரென்றால் மணியின் இடுக்கில் வெள்ளைச் சாம்பல் ஒட்டியிருக்கும். அதைப் படம் பிடித்துப் பெரிதாகத் திரையில் போட்டால் பேரரசரின் மூக்கு உடைந்துவிடும். அவருக்கு மூக்கும் பெரிசு.

மணியை எடுத்து விளக்கைக் கூட்டி, இதுவரை யாரும் பார்க்காத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் இல்லை. மணியின் அடி இடுக்கில் வேறு ஏதோ மினுங்கியது. மணல் துகள். நீலமாக இருந்தது.

எண்ணூறு வருஷத்து மண்ணில் அப்படி ஒரு நீலம் கிடையாது. விருந்துக் கரியிலும் கிடையாது. அந்த நீலம் கடையில் பை பையாக விற்பது, மீன் தொட்டியின் அடியில் பரப்புவதற்காக. அப்படி ஒரு மீன் தொட்டி அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பல் டாக்டருக்கு மீன் வளர்ப்பதில் பைத்தியம்.

விதையம்மாவுக்கு இரும்புச் சட்டி ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் முன்னால், மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, பழங்கால விதைகள் எப்படி இருக்கும் என்று காட்டப் புது தானியங்களை வீட்டிலேயே கருக்கினாள். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான் அது. இன்றைய தானியத்தைக் கருக்கிப் பார்த்தால்தானே அன்றைய கரியை அடையாளம் காண முடியும்? இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, நடுவே தானியத்தைப் புதைத்து, மூடி, மெல்லிய சூட்டில் வைக்க வேண்டும். கோதுமை, பயறு எல்லாம் போட்டாள். மகள் ஆசைப்பட்டு ஒரு பிடி மக்காச்சோளமும் போட்டாள். மணல் போதவில்லை என்று அப்பாவின் மீன் தொட்டிப் பையிலிருந்து எடுத்து வந்து கொட்டியதும் மகள்தான். வெந்த மணலிலிருந்து தானியத்தைப் பிரிக்க வீட்டில் நல்ல சல்லடை இல்லை. ஆய்வுக்கூடத்துச் சல்லடையைப் பைக்குள் வைத்து எடுத்துப் போனாள். சல்லடை வாசலைத் தாண்டக் கூடாது என்று விதைக்கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவளே அவள்தான். கழுவித்தான் கொண்டுவந்து வைத்தாள். நன்றாகவே கழுவினாள்.

எழுந்து போய்ச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்தாள். சட்டமும் வலையும் சேரும் இடத்தில் பாதி மணி சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஓர் இடைவெளி. ஊசியால் நெம்பினாள். கரித்துணுக்கு ஒன்று விழுந்தது, கூடவே இரண்டு நீலத் துகள். விதையம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊரெல்லாம் பேரரசரின் முகத்தில் பூசிக்கொண்டு திரிந்த கரி தன் வீட்டு அடுப்பில் கருக்கிய கரி என்பது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. புரிந்த பிறகு அங்கிருந்து எழுந்திருக்கத்தான் நேரமானது.

வீட்டில் கணவனிடமும் மாமியாரிடமும் சொன்னாள். மகள் பக்கத்தில் இல்லாதபோது சொன்னாள்.

பல் டாக்டர் அதை ஒரு சொத்தைப் பல்லாகவே பார்த்தான். "இதுக்கா இவ்ளோ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சாமணத்தால அந்த நீலத்தை நெம்பி எடுத்துப் போடு. யாருக்குத் தெரியப் போகுது? நான் தினமும் எவ்ளோ நெம்பறேன்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அந்தாளு சுட்டுத் தின்னதுதான்னு ஆயிடும். ஊரே அப்படித்தான் நம்புது. நீதானே நம்ப வச்ச?"

மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவரு தின்னது நெசந்தானேம்மா?"

"நெசந்தான் அத்தை."

"அப்ப அவரு மேலயே இருக்கட்டும். அவரு தாங்குவாரு, உடம்பு இருக்கு."

"அவரு தாங்குவாரு அத்தை. நான் சொல்லிட்டேன்னா என் அத்தியாயம் போயிடும். அந்தச் சல்லடை வழியாத்தான் எல்லா விதையும் வந்துது. ஒண்ணுல தப்புன்னா, அதுக்கு முன்னாடி வடிச்சது எல்லாத்துலயும் சந்தேகப்படுவாங்க. நானா இருந்தாலும் சந்தேகப்படுவேன்."

"அதான் சொல்றேன், சொல்லாத" என்றாள் மாமியார்.

மறுநாள் விதையம்மா சாமணத்தை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கி முன்னால் உட்காரத்தான் செய்தாள். அதை மறைப்பானேன். ஒரு நெம்பு, அவ்வளவுதான். பேரரசர் ஊர் சிரிக்க நாறிப்போவார், அத்தியாயம் பிழைக்கும், சரிவு வீட்டுக்காரர்களுக்கு அச்சில் ஒரு இடம் கிடைக்கும். ஒரு கெட்டவனைக் கவிழ்த்து நல்ல காரியம் ஒன்று நடக்கிறது, இதில் என்ன பாவம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தாள். சாமணத்தின் முனை நீலத் துகளைத் தொட்டது. தொட்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கரியில் கிடப்பது எதுவோ அதைத்தான் சொல்வேன் என்று இத்தனை வருஷம் இறுமாப்பாக இருந்தவள் இப்போது கரியைத் தனக்குத் தேவையானபடி சுத்தம் செய்ய வந்திருந்தாள். இதைச் செய்துவிட்டால், கோடி வீட்டு அடுப்பில் அவள் கண்ட களை விதையையும் அவளே நம்ப முடியாது. சாமணத்தைக் கீழே வைத்தாள். கோபமாக வந்தது, பேரரசர் மேல்தான். மனுஷன் ஒரு தப்பைக்கூட ஒழுங்காகத் தானே செய்திருக்கக் கூடாதா?

கூட்டத்துக்குப் பேரரசர் புதுச் சட்டையில் வந்திருந்தார். நகரத் தலைவர் கான்கிரீட் கதிரின் புகைப்படத்தோடு வந்திருந்தார். குழுத் தலைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விதையம்மா மணியின் படத்தைத் திரையில் போட்டாள். சுவரளவு பெரிய கரிமலை, அதன் இடுக்கில் பட்டாணி அளவுக்கு நீலம்.

"இது மீன் தொட்டி மணல். என் வீட்டு மீன் தொட்டி" என்று ஆரம்பித்து, இரும்புச் சட்டி, மகள், சல்லடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். "இயக்குநர் தின்னதால வந்ததுன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அது தப்பு. வந்தது என்னாலதான்."

நகரத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதெப்படிங்க? கான்கிரீட் காஞ்சுடுச்சே."

பேரரசர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் முதலில் வெளிறியது, அப்புறம் சிவந்தது, அப்புறம் மெல்லத் தெளிந்தது. "மக்காச்சோளத்தை அறிக்கையிலேர்ந்து எடுத்துடறேன்" என்றார். "ஆனா ஒரு கேள்வி. அந்தச் சல்லடை வழியாதானே மத்த விதையெல்லாமும் வந்துது? வீட்டுல கோதுமையும் கருக்கினேன்னு சொன்னீங்க. அப்ப மாளிகைக் கோதுமை எது, உங்க வீட்டுக் கோதுமை எது? கூடத்துக்குள்ள வேற எது எப்ப வந்துதுன்னு யாரு சொல்ல முடியும்?"

இத்தனை வருஷத்தில் அவர் பேசிய முதல் அறிவியல் பேச்சு அதுதான். குறைசொல்ல இடமே இல்லை. அவரைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டும்போல இருந்தது விதையம்மாவுக்கு, வரவில்லை.

"சரியான கேள்வி" என்றாள் குழுத் தலைவி. "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சந்தேகம் இருக்கறதை எழுதக் கூடாது" என்றாள் விதையம்மா. "அத்தியாயத்தை நிறுத்துங்க. தோண்டின மண்ணுல ஒவ்வொரு எடத்துலேர்ந்தும் பாதியைக் கழுவாம எடுத்து வைக்கறது எங்க வழக்கம். கொட்டகையில மூட்டையா இருக்கு. புதுச் சல்லடை, புதுத் தட்டு, எல்லாம் மொதல்லேர்ந்து செய்யறேன். அதே களைதான் வரும். வந்ததும் எழுதறேன்."

"செஞ்சு முடிங்க. தனிப் புத்தகமாவே போடலாம்" என்றாள் குழுத் தலைவி. அவள் சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்கிற ஆள் இல்லை. விதையம்மாவுக்கு அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. பேரரசர் கூட்டம் முடியும்வரை தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

கழுவும் வேலைக்குப் புது அனுமதி வாங்க, சல்லடை வாங்க, மழைக்காலமே போய்விட்டது. அதற்குள் அறிக்கை அச்சாகி வந்தது. பேரரசரே ஒரு பிரதியை அவள் மேஜைக்குக் கொண்டுவந்தார். மோதிரத்துக்கு வண்ணப் படத்தோடு முப்பது பக்கம். அவளுடைய அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி. சரிவில் வாழ்ந்த மக்களின் உணவு, வேளாண்மை குறித்து நம்பத்தகுந்த சான்றுகள் இல்லை.

"இதை யாரு சார் எழுதினது?"

"நான்தான். நீங்கதானே சொன்னீங்க, சந்தேகம் இருக்கறதை எழுதக் கூடாதுன்னு?"

விதையம்மா பிரதியை மூடி வைத்தாள். அவர் குத்திக் காட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "பரவால்ல. நாளைக்கு மண்ணைக் கழுவ ஆரம்பிக்கறேன். கொட்டகைச் சாவி வேணும்" என்றாள்.

பேரரசர் சாவியைத் தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவினார். எல்லாப் பைகளையும் தடவி முடித்தார். "கொட்டகையில இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அந்த மக்காச்சோளம் கெடைச்ச வாரம் நகராட்சிக்காரங்க வந்து கேட்டாங்க. பூங்காவுல பாத்தி கட்ட மண்ணு பத்தலைன்னு. நல்ல கரி மண்ணு, சும்மாதானே கெடக்குன்னு மூட்டையோட குடுத்துட்டேன்."

"கூட்டத்துல நான் அந்த மண்ணைப் பத்திச் சொன்னப்ப உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

"எல்லார் முன்னாடியும் எப்படிம்மா சொல்றது?" என்றார். உண்மையாகவே அவளிடம் நியாயம் கேட்பதுபோலக் கேட்டார்.

அவள் பூங்காவுக்குப் போனாள். வாசலில் கான்கிரீட் கதிர் மஞ்சள் பெயிண்டில் நின்றது. எண்ணூறு ஆண்டுப் பாரம்பரியம் என்று கீழே பலகை. அறிக்கையில் எடுத்துவிட்டதைப் பலகையில் எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை, எழுதினாலும் பலகை யாருடைய பொறுப்பு என்பது முடிவாகவில்லை. கதிரைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி நிஜ மக்காச்சோளம் விதைத்திருந்தார்கள். அது இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது.

விதையம்மா பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தாள். விரலில் ஒரு கரிப்பொட்டு ஒட்டியது. நுண்ணோக்கி தேவையில்லை, அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சூம்பிப்போன வாற்கோதுமை. சரிவு வீடுகளில் ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் கருகினது. எந்த வீடு, எந்த அடுக்கு, யாருடைய பசி என்று சொல்ல இனி எவராலும் முடியாது. எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டி, உரம் போட்டுக் கொத்தி விட்டிருந்தார்கள். அன்றைக்கு மாளிகைக்காரர்கள் அந்த வீட்டுக்காரர்களிடம் தானியத்தைப் பிடுங்கினார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள். மிச்சமிருந்த இந்தக் கரியை அவர்களிடமிருந்து பிடுங்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். குழந்தைகளோடு வந்திருந்த ஒரு பெண். அவள் பின்னால் புருஷன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், பிள்ளைகள் கதிருக்குக் கீழே வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களாக்கா? போட்டோல விழறீங்க" என்றாள் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

விதையம்மா எழுந்து தள்ளி நின்றாள்.